இறங்கின சுருதி: திருகோணமலையில் ஐந்து நாள்

முதலாம் நாள்: கல்லோயாவுக்கு அப்பால்

நொறுங்கிப்போன ஒரு பாடகனின் கதையைச் சொல்லும் இசைநாடகத்தோடு திருகோணமலைக்குப் போகிறோம். கொழும்புக் கோட்டையில் இரவு ஏறினால் ரயில் கல்லோயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதையை விட்டுப் பிரியும். பிறகு கந்தளாய், தம்பலகாமம், சீனன்குடா. நாடகக் குழுவுக்கு இது பாதி நல்ல பயணம். ஆட்களுக்குச் சரி, வாத்தியங்களுக்கும் உடுப்புப் பெட்டிக்கும் லொறிதான் வேண்டும்.

பாடுகிறவர்களுக்கு ரயிலில் கெடுதல் யன்னல் காற்றால் வருகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். காற்றை ஒரு கழுத்துத் துண்டு சமாளித்துவிடும். தண்டவாளச் சத்தத்துக்கு மேலால் விடிய விடியக் கதைப்பதுதான் தொண்டையைத் தின்கிறது. சத்தத்துக்குள் இருக்கும்போது குரல் தன்னை அறியாமலே உயர்ந்துவிடும். மூன்று மணித்தியாலம் அப்படிக் கதைத்தவருக்கு அடுத்த நாள் மேல்ஸ்தாயி ஷட்ஜம் (உச்ச ‘ஸ’) கரகரக்கும். பிரதான பாத்திரக்காரரைப் பேச்சுக்காரர் பக்கத்தில் இருத்தாதீர்கள்.

லொறி தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியே வரும். ஹபரணைக்கு இப்பால் யானை நடமாட்டம் உண்டு, அந்தத் துண்டைப் பகலில் கடக்க வேண்டும். மிருதங்கத்தைப் பஞ்சு உறையில் இட்டு, வாரை இரண்டு தட்டுத் தளர்த்தி ஏற்றுங்கள். வெயிலில் நிற்கும் லொறித் தட்டுக்குள் தோல் இறுகி, இரவில் சோறுபோல மென்மையாக இருந்தது மத்தியானம் ஓடாகிவிடும். தளர்த்தாமல் விட்டால் வலந்தலை, அதாவது வலப்பக்கத் தோல், விளிம்பில் கிழியும். ஆர்மோனியத்தின் துருத்தியைக் கொக்கி போட்டு மூடி, படுக்கையாக, எல்லாப் பெட்டிக்கும் மேலே வையுங்கள். கீழே வைத்தால் மேலிருக்கும் பாரம் கட்டைகளை அமுக்கி, மேடையில் ஒரு சுரம் நிற்காமல் ஊதிக்கொண்டிருக்கும்.

இந்த ஐந்து நாளும் எழுதப்போவது ஒரு வகை நாடகத்தைப் பற்றி: மேடையில் கொடிகட்டிப் பறந்து, வாழ்க்கையில் நொறுங்கிப்போன கலைஞர்களின் கதையைப் பாட்டோடு சொல்லும் நாடகம், அதைத் தாங்குகிற நடிகர்களின் வேலை. கையிலிருக்கும் பிரதி 2 மணி 10 நிமிடம். 14 பாட்டு, 9 பேர். வாத்தியம் நாலு: ஆர்மோனியம், மிருதங்கம், வயலின், தாளம். கதாநாயகன் ஒரு ஸ்பெஷல் நாடக ராஜபார்ட், அதாவது அந்தக் கால மேடையில் அரச வேடம் கட்டிப் பாடுகிறவர். பெயர் கற்பனை, நிழல் மட்டும் எஸ். ஜி. கிட்டப்பாவினுடையது.

இரண்டாம் நாள்: கோட்டைக்குள் கதை

பிரெட்ரிக் கோட்டை வாசலால் நுழைந்தால் மான்கள். மேலே சுவாமி மலையில் கோணேசர். பக்கத்தில் இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவு. பிரதி வாசிப்புக்குக் கோட்டைக்குள் இருக்கும் மரநிழல் நல்லது, பாட்டு ஒத்திகைக்கு அல்ல. சம்பந்தர் இந்தத் தலத்தைப் பாடும்போது முதற் பாட்டிலேயே ‘குரைகடல்’ என்றது சும்மா அல்ல. கடலின் தாழ்ந்த இரைச்சல் ஆண்குரலின் கீழ்ஸ்தாயியை அப்படியே விழுங்கும். பாடுகிறவர் அதைத் தாண்டத் தள்ளுவார், தள்ளினால் அடைக்கும்.

நொறுங்கிய பாடகன் என்றால் இந்த ஊருக்கு ஆள் வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. மலைக்குக் கீழ் நசுங்கி, தன் தலையையும் நரம்பையும் வீணையாக்கிச் சாமகானம் பாடியவன் இராவணன். சம்பந்தர் தன் பதிகங்களில் எட்டாம் பாட்டை வழக்கமாக அவனுக்கே ஒதுக்குவார். பேராசிரியர் சு. வித்தியானந்தன் வடமோடிக் கூத்தை நவீன மேடைக்குச் சுருக்கியபோது ‘இராவணேசன்’ எடுத்ததும் இந்த இழையைப் பிடித்துத்தான்: பலசாலியின் வீழ்ச்சியை ஆட்டமும் பாட்டும் தாங்கும், வெறும் வசனம் தாங்காது.

கிட்டப்பா 1906இல் செங்கோட்டையில் பிறந்தவர். சிறுவயதிலேயே மேடை, பிறகு கன்னையா நாடகக் கம்பெனி. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசைவரை கேட்கும் உச்சக் குரல். பாடகி கே. பி. சுந்தராம்பாளை அவர் சந்தித்தது இலங்கையில், கொழும்பில் நாடகம் ஆட வந்த இடத்தில், 1926 அளவில். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே கலியாணம் ஆகியிருந்தது, ஆனாலும் இருவரும் இணைந்தார்கள். நோயும் குடியும் சேர்ந்து 1933 டிசம்பரில் 27 வயதில் அவரைக் கொண்டுபோயின. சுந்தராம்பாள் அதன்பிறகு வெள்ளைச் சேலை. திரைக்கு வந்தது 1935இன் ‘நந்தனார்’ படத்தில், ஆண் வேடத்தில், அன்றைக்கு யாரும் கேள்விப்படாத ஒரு லட்சம் ரூபாய்ச் சம்பளத்தில்.

பிரதி எழுதுகிறவர்கள் இங்கேதான் தடம் மாறுவார்கள். பிறப்பிலிருந்து இறப்புவரை வரிசையாகச் சொல்லப்போய், 14 பாட்டில் 9 பாட்டு ‘அந்தக் காலத்தில் அவர் பாடிய’ பாட்டாகிவிடும். அது கச்சேரி, நாடகம் அல்ல. வெளிநாட்டில் இந்த வகையில் நின்று பிடித்த ஆக்கங்கள் காலத்தைச் சுருக்கிக்கொண்டவை. அமெரிக்க ஜாஸ் பாடகி பில்லி ஹொலிடேயைப் பற்றிய ‘லேடி டே அற் எமர்சன்ஸ் பார் அன்ட் கிறில்’ 1959இல் ஒரே இரவு, ஒரே மதுச்சாலை. அவர் சாகச் சில மாதம் இருக்கிறது, பாட்டுக்கு நடுவே பேச்சு, பேச்சுக்கு நடுவே குடி. ஹொலிவூட் பாடகி-நடிகை ஜூடி கார்லன்டின் கடைசிக் காலத்தைச் சொல்லும் ‘என்ட் ஒஃப் த ரெயின்போ’ லண்டன் ஹோட்டல் அறைக்கும் மேடைக்கும் இடையில் மாறி மாறி ஓடுகிறது. அறையில் அவிழ்ந்து கிடப்பவர் மேடைக்கு வந்ததும் நிமிர்வார், நாடகமே அந்த இடைவெளிதான்.

‘ஜிப்சி’ என்ற அமெரிக்க இசைநாடகம் 1959இல் வந்தது. அதன் முடிவில் தாய்ப் பாத்திரம் மனம் உடைந்து பாடும் பாட்டு, முன்னால் வந்த பாட்டுகளின் துண்டுகளால் கட்டப்பட்டது. கேட்டவர்களுக்குத் துண்டு ஒவ்வொன்றும் தெரிந்ததுதான், சேர்ந்த விதம்தான் தெரியாதது. எங்கள் பிரதியின் 13ஆம் பாட்டும் இப்படித்தான்: முதல் பாதியில் வெற்றியாகக் கேட்ட நாலு பல்லவிகள், ஒவ்வொன்றும் பாதியில் வெட்டுண்டு, அடுத்ததன் தாளத்தில் விழும். புதிய மெட்டு ஒன்றுகூட இல்லை.

(1959 ஒரு பொல்லாத ஆண்டு. ஹொலிடே ஜூலையில் போனார். சிறைக்குப் போய் மீண்டும் பழைய இடத்தைப் பிடிக்கமுடியாத தியாகராஜ பாகவதர் நவம்பரில்.)

மூன்றாம் நாள்: உடைவது யார்?

பாத்திரம் உடைய வேண்டும், நடிகரின் தொண்டை உடையக் கூடாது. வீழ்ச்சியை நடிகரின் குரலுக்குள் தேடும் நெறியாளர் மூன்றாவது காட்சியோடு நடிகரை இழப்பார். அதை வாத்தியத்துக்குள்ளும் சுருதிக்குள்ளும் வைத்தால் ஒரு மாதம் ஆடலாம். இன்றைய ஒத்திகை முழுக்க இதுதான்.

கட்டையில், அதாவது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவில், தொடங்குங்கள். எங்கள் நடிகருக்கு முழுநேரம் தாங்கும் சுருதி ஒன்றரைக் கட்டை. முதல் பாதியின் மூன்று பெரிய பாட்டை மட்டும் இரண்டரையில் வைத்திருக்கிறோம். அவை நாலு நிமிடத்துக்கு மேல் போகாது. கடைசிக் காட்சியில் ஆர்மோனியம் பழைய பாட்டின் முகப்பை இரண்டரையிலேயே வாசிக்கும். சபை அந்த உயரத்தை எதிர்பார்க்கும். ஆர்மோனியக்காரர் நிறுத்துவார், நாலு அட்சரம் (தாள எண்ணிக்கை) வெறுமை, பிறகு ஒன்றரையில் மெதுவாகச் சுருதி பிடிப்பார். நடிகர் அதில் எடுப்பார். ஒரு வரி வசனம் இல்லாமல் இந்த மனுஷனுக்கு இனி எட்டாது என்பது கடைசி வரிசைக்கும் விளங்கும். நடிகருக்கோ அதுதான் இரவின் மிகச் சுகமான பாட்டு.

அபசுரம் பாடுவது கலை, அளவு தெரிய வேண்டும். ஒரு பாட்டில் இரண்டு இடம், அதற்கு மேல் போனால் சபை பாத்திரத்தை விட்டுவிட்டு ‘இந்தப் பெடியனுக்குப் பாட வராது’ என்று முடிவுகட்டும். கார்வையின், அதாவது நீட்டிப் பிடிக்கும் சுரத்தின், வால்தான் அதற்கு இடம்: சுரத்தைச் சரியாகத் தொட்டு, ஆறு அட்சரம் பிடிக்கவேண்டியதை நாலில் மூச்சை விட்டு, மீதி இரண்டில் சற்றே இறங்கவிடுவது. அந்த நேரம் ஆர்மோனியம் சரியான சுரத்தைப் பிடித்தபடி நிற்க வேண்டும். பலர் இரக்கப்பட்டு ஆர்மோனியத்தையும் நிறுத்திவிடுகிறார்கள். ஒப்பிடச் சுருதி இல்லாவிட்டால் இறங்கினது காதுக்கே தெரியாது. மிருதங்கமும் தயவுதாட்சண்யம் பார்க்காமல் ஆதிதாளத்தை எண்ணிக்கொண்டு போக வேண்டும், நடிகர் அரை அட்சரம் பிந்தி வருவார். தாளக்காரர் அவருக்காகக் காத்திருந்தால் குடிவெறி ‘விளம்பகாலம்’ ஆகிவிடும்.

தள்ளாட்டம் வேண்டாம். வெறிகாரன் தள்ளாட முயல்வதில்லை, நேராக நிற்கத்தான் முயல்கிறான். நடிகருக்குக் கொடுக்கும் வேலை: தரையில் ஒரு கோடு இருப்பதாக நினைத்து அதன்மேல் கவனமாக நட. பொத்தானைப் போடு, இரண்டாம் முறைதான் ஓட்டையில் விழட்டும். கண்ணை ஒரு கணம் பிந்தித் திருப்பு. காணும்.

போத்தலுக்குள் ஆறின பிளேன்ரீ, சீனி இல்லை, பால் இல்லை. நிறம் சாராயத்தோடு ஒத்துப்போகும். சோடா வகை ஊற்றினால் அடுத்த பாட்டின் நடுவில் ஏவறை வரும். சீனி வாய்க்குள் பிசின்போல ஒட்டும். 150 மில்லிலீற்றர் போதும், நாலு தடவை, ஒவ்வொரு மிடறும் 30 தாண்டாமல். கண்ணாடிப் போத்தல் என்றால் வெளியே ஒளிபுகும் ஒட்டுநாடா சுற்றுங்கள்: விழுந்தாலும் சிதறாது, வெறுங்காலோடு ஆடும் அடுத்த காட்சிக்காரர் தப்புவார்.

இருமல் மோசமான பொறி. உண்மையாக இருமினால் குரல்நாண்கள் ஒன்றையொன்று அறையும், பத்து நாள் இப்படி அறைந்தால் வீங்கும். வாயைத் திறந்து, வயிற்றால் காற்றை மட்டும் ‘ஹ்’ என்று தள்ளி, தோளைக் குலுக்குங்கள். சத்தத்தை மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பி ஒரு மூடின அடியாகக் கொடுக்கட்டும். அழுகையும் அப்படியே, அழுதால் தொண்டை இறுகும், இறுகின தொண்டையால் பாட முடியாது. அழும் இடத்துக்கும் அடுத்த வரிக்கும் இடையில் எட்டு அட்சரம் வயலினுக்குக் கொடுத்தால் விழுங்கி, மூச்சு எடுத்து, எழும்பலாம்.

இன்னொருவரின் புகழ்பெற்ற குரலைப் பாடுவது தனிப் பிரச்சினை. ஹொலிடே பாத்திரத்தை 2014இல் நியூயோர்க்கின் பிராட்வே மேடையில் ஏற்ற ஓட்ரா மக்டொனால்ட் ஜூலியார்ட் இசைப்பள்ளியில் பயின்ற சொப்ரானோ (உயர்ந்த பெண்குரல்), இயல்பான குரல் ஹொலிடேயினுடையதற்கு எங்கேயோ அப்பால். அந்த வேடம் அவருக்கு ஆறாவது டோனி நாடக விருதைக் கொடுத்தது. நகல் எடுக்கும்போது தொண்டையைக் கிள்ளிக் கரகரப்பை உண்டாக்குவது முதலில் இலகு, பிறகு ஆபத்து. ஒலியைப் பின்பற்றாமல் பழக்கங்களைப் பின்பற்றுவது பாதுகாப்பு: எந்த எழுத்தை நீட்டுகிறார், எங்கே மூச்சு வாங்குகிறார், தாளத்துக்கு முன்னா பின்னா. கிட்டப்பாவின் இசைத்தட்டுகளைக் கேட்பவர்கள் உயரத்தை மட்டும் குறித்துக்கொள்வார்கள். உயரத்தை விடுங்கள். பிருகா, அதாவது வேகமாக உருளும் சுரக்கொத்து, விழும் இடங்களைக் கொப்பியில் குறியுங்கள், இரண்டு கட்டை கீழே பாடினாலும் சாயல் நிற்கும்.

காலையில் 20 நிமிடம்: ஒரு தம்ளர் தண்ணீரில் இரண்டு சென்ரிமீற்றர் ஆழத்துக்கு உறிஞ்சுகுழாயை விட்டு, குமிழி வரப் பாடுதல், ஐந்து நிமிடம். உதடு துடிக்கவிட்டுச் சரளி வரிசை. பிறகுதான் வாய்திறந்து. கொத்தமல்லி அவியல், சுக்குக் கோப்பி, எது வேண்டுமானாலும் குடியுங்கள், ஆனால் குடிக்கிறது குரல்நாணைத் தொடாமல்தான் உணவுக்குழாய்க்குப் போகிறது. நேரே தொடுவது ஆவி ஒன்றுதான். குளிரூட்டும் மெந்தோல் மிட்டாய் தொண்டையை மரக்கப்பண்ணும், நோவு தெரியாமல் மேலும் கிழிப்பீர்கள். சத்தம் வராத நாளில் குசுகுசுப்பதும் ஓய்வு அல்ல. எழுதிக் காட்டுங்கள்.

நாலாம் நாள்: கிண்ணியாப் பாலத்தைத் தாண்டி

மூதூர்ப் பக்கம் போக முன்பு படகும் ‘பாதை’ என்ற மிதவையும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபிறகு தரைவழி நேர். 396 மீற்றர், காற்றுப் பலமாக இருந்தால் லொறியில் நிமிர்த்திக் கட்டிய சீலைத் திரை பாய்போல் ஊதும், சுருட்டிப் படுக்கவையுங்கள். மூதூரைச் சூழ்ந்த கொட்டியாரப் பக்கத்துக் கூத்துக் களரி தெரிந்தவர்களோடு அரை நாள் இருந்தால் வெளிநாட்டு நூல் பத்துப் படிப்பதற்குச் சமம்.

விடிய விடிய ஆடுகிறவன் எப்படிக் குரலைக் காப்பாற்றினான்? பிற்பாட்டு. கூத்தன் ஒரு அடியைப் பாடுவான், கூத்தைப் பழக்கிய அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள், அவன் ஆடியபடி மூச்சு எடுப்பான். பாட்டின் பாதிச் சுமை அவன் தோளில் இல்லை. மேடை இசைநாடகத்துக்கு வந்ததும் நாங்கள் இதைக் கைவிட்டு, எல்லாவற்றையும் ஒருவன் தலையில் கட்டினோம். பிரதியின் 14 பாட்டில் ஆறில் பிற்பாட்டைத் திரும்பச் சேர்த்தபோது கதாநாயகன் தனியே பாடும் நேரம் 41 நிமிடத்திலிருந்து 27க்கு வந்தது. கதைக்கும் அது பொருத்தம்: வெற்றிக் காலத்தில் அவன் பாடினால் ஊரே திருப்பிப் பாடும், இறுதியில் அவன் அடியை விட்டுவிட்டுக் காத்திருப்பான், வாங்க ஆள் இராது.

இரண்டாவது பாடம் ஆள் பிரிப்பு. ஒரே பாத்திரத்தை முன்பகுதிக்கு ஒருவர், பின்பகுதிக்கு ஒருவர் என்று பகிர்வது எங்கள் கூத்திலும் இசைநாடகத்திலும் பழைய வழக்கம், யாரும் குழம்புவதில்லை. பிராட்வேயில் வாரம் எட்டுக் காட்சி, அதனால் மாற்று நடிகர் தயாராக நிற்பார். ஒருவரையே நம்பினால் என்ன என்பதற்கு ‘த போய் ஃப்ரம் ஒஸ்’ சாட்சி: அவுஸ்திரேலியப் பாடகர் பீற்றர் அலனாக ஆடிய ஹியூ ஜக்மன் 2004 செப்டெம்பரில் விலகினார், நாடகமும் அதோடு முடிந்தது. முன் ராஜபார்ட், பின் ராஜபார்ட் என்று பிரித்தால் கிரீடம் கைமாறும் காட்சி ஒன்று எழுத வேண்டும். எழுதினால் அதுவே நாடகத்தின் நடுத்தூண் ஆகிவிடலாம். இரண்டு பேருக்கும் நடையும் கைவிரல் பழக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும், முகம் ஒத்திருக்கத் தேவையில்லை.

மத்தியானம் கடற்கரையில் வெயில். வேறொன்றும் இல்லை.

ஐந்தாம் நாள்: மண்டபம்

மே முதல் செப்டெம்பர்வரை இங்கே கச்சான் காற்று: வரண்டது, சூடு, சில நாள் 35 பாகை தாண்டும். மழைமாதங்களில் வாடையோடு ஈரம். கச்சானில் மிருதங்கத் தோல் இறுகிச் சுருதி ஏறும், புல்லாங்குழல் இருந்தால் அதுவும் ஏறும், ஆர்மோனியத்தின் உலோக நாக்குகளோ சூட்டில் மயிரிழை இறங்கும். ஒன்றோடொன்று ஒத்துவராது. ஆர்மோனியத்தை மாற்ற முடியாது, ஆகவே மற்றவை அதற்கு வர வேண்டும். மிருதங்கத்தின் பின்னலைக் கீழிருந்து தட்டி இறக்குங்கள், மழைக்காலத்தில் மேலிருந்து தட்டி ஏற்றுங்கள். விளக்குகள் அரை மணி எரிந்தபிறகு மறுபடி பாருங்கள், முதல் தடவை பார்த்தது செல்லாது. கடல் உப்பில் ஆர்மோனியத்தின் உருக்குச் சுருள்கள் துருப்பிடிக்கும், பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் இரண்டு போடுங்கள். ஒரு சுரம் ஊதாவிட்டால் நாக்குக்கும் தட்டுக்கும் இடையில் மெல்லிய கடதாசித் துண்டை ஒருதரம் இழுத்தால் பெரும்பாலும் தூசு வந்துவிடும்.

தகரக் கூரை மண்டபம் என்றால் மழைமாதத்தில் கடைசிக் காட்சியை நம்பி ஆடாதீர்கள், ஒரு மழையில் ஒன்றரைக் கட்டை என்ன, ஏழு கட்டையும் கேட்காது. ஊர் நேரத்தையும் கணக்கெடுங்கள். கோயில் மணியும் பள்ளிவாசல் பாங்கும் பக்கத்துப் பக்கத்தில் உள்ள பட்டினம் இது, இரவுத் தொழுகை அழைப்பு ஏறக்குறைய ஏழரைக்கு. ஆறரைக்குத் தொடங்கினால் இடைவேளையை அங்கே விழுத்தலாம். அன்றைய நேரத்தைப் பள்ளிவாசலில் கேட்டு வைத்துக்கொள்வது மரியாதையும் வசதியும்.

ஒலிவாங்கி நெற்றி மயிரோரத்தில் வைப்பது வழக்கம். ராஜபார்ட்டுக்கு அது சரிவராது, கிரீடத்தின் விளிம்பு மூடிக் குரல் குடத்துக்குள் போகும். காதோரக் கம்பியால் கன்னத்துக்குக் கொண்டுவாருங்கள், வாய்க்கு மூன்று விரல் தூரம். வியர்வை வழிந்து துளையை அடைத்தால் ஒலி திடீரென மங்கும், அதனால் முகப்பூச்சுக்கு முன் அந்த இடத்தில் சிறிய ஒட்டுத்துணி. இடுப்புப் பெட்டிக்கு மெல்லிய றப்பர் உறை. மின்கலம் ஒவ்வொரு காட்சிக்கும் புதிது, ‘இன்னும் பாதி இருக்கு’ என்பவை 13ஆம் பாட்டில்தான் சாகும்.

கிரீடமும் வெல்வெற்று அங்கியும் கழற்றி, வேட்டி சட்டையோடு நாடகக் கொட்டகைப் பின்புறத்துக்கு வர 40 வினாடி. சட்டை உள்ளே ஏற்கெனவே போட்டிருக்க வேண்டும், அங்கியின் முதுகு அழுத்துப் பொத்தானில், உதவிக்கு இருவர்: ஒருவர் கிரீடம், மற்றவர் முதுகு. சலங்கை கட்டியிருந்தால் இந்தக் கணக்கு 70 வினாடி, கட்டாதீர்கள். மின்வெட்டுக்கு ஜெனறேற்றர் என்றால் மண்டபத்துக்குக் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம், சுவருக்கு அப்பால் 30 மீற்றராவது தள்ளி. கரண்ட் மாறும் அந்தச் சில வினாடியில் ஆர்மோனியமும் தாளமும் நிற்காமல் போனால் சபை எழும்பாது. மின்சாரம் இல்லாமலே பிறந்த வாத்தியங்கள் அவை.

திரை விழுந்ததும் நடிகரைச் செல்பிக்காரரிடம் விடாதீர்கள். முதலில் ஐந்து நிமிடம் உறிஞ்சுகுழாய், கீழ்ஸ்தாயியில் மட்டும். அங்கியை உட்புறம் வெளியே வரப் புரட்டி நிழலில் காயவிடுங்கள், ஈரத்தோடு பெட்டியில் வைத்தால் கந்தளாய் தாண்ட முன்னே மணக்கும். மிருதங்கத் தொப்பியில் அப்பிய ரவையை இரவே சுரண்டித் துடைத்துவிடுங்கள், விட்டால் எறும்பு. லொறி விடிந்தபிறகு வெளிக்கிடும். ஆர்மோனியம் மேலே, படுக்கையாக.